திரியின் நீளம்

கைபேசியை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொல்லும் வாசல்கள் என் வாழ்க்கையில் இரண்டு உண்டு. ஒன்று சிவகாசியைச் சுற்றியிருக்கும் பட்டாசு ஆலைகளின் வாசல். இன்னொன்று வானொலித் தொலைநோக்கிகள் நிற்கும் வளாகங்களின் வாசல். முன்னதில் தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா என்று மடியைத் தட்டிப் பார்ப்பார்கள். பின்னதில் கெடுபிடி வேறு மாதிரி. அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் பெட்ரோல் வண்டியையே விடமாட்டார்கள். ஸ்பார்க் பிளக் இல்லாத டீசல் வண்டிதான் போகலாம்.

இரண்டு வாசலும் அஞ்சுவது பொறிக்கு. மருந்து அறையில் ஒரு பொறி விழுந்தால் உயிர் போகும். தொலைநோக்கிக்கு அருகே ஒரு பொறி பறந்தால், பல கோடி ஆண்டுகள் நடந்து வந்த ஓர் அலை அதன் இரைச்சலில் மூழ்கிவிடும். ஸ்கூட்டரின் பிளக், மின்கம்பத்தில் தளர்ந்து கிடக்கும் இணைப்பு, வெல்டிங் பட்டறை எல்லாமே இப்படித்தான். பொறிக்கு என்று ஓர் அலைவரிசை கிடையாது. அது எல்லா அலைவரிசைகளிலும் ஒரே நேரத்தில் கத்தும்.

என் அத்தை இருபத்தைந்து வருடம் பட்டாசு வேலைக்குப் போனவர். அறைக்குள் நுழையும்முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுப்பார். கோயில் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. உடம்பில் தேங்கிய மின்னேற்றம் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக வைத்த தகடு அது. மாலையில் வீட்டுக்கு வரும்போது அலுமினியத் தூள் படிந்து அவர் முழங்கை வரை வெள்ளிபோல் மினுங்கும். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். சாப்பிடும்போது அந்த நகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வானொலி அலை பொறியில் பிறந்தது என்று கல்லூரியில் படித்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்தச் செம்புத் தகடுதான். 1887இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இரண்டு உலோக உருண்டைகளுக்கிடையே பொறியைப் பறக்கவிட்டு அலையை உண்டாக்கினார். அலை வந்து சேர்ந்ததை அறிவதற்கும் பொறியையே நம்பினார். ஒரு கம்பி வளையம், அதில் மயிரிழை இடைவெளி. அலை வந்தால் அந்த இடைவெளியில் மிகச் சிறிய பொறி ஒன்று மின்னும். அறையை இருட்டாக்கி, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, நுண்ணிய திருகாணியால் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். வானொலிக் கருவி ஒன்றுக்கு மனிதர் செய்த முதல் செட்டிங் அந்தத் திருகுதான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால், வந்த அலை வந்தபடியே போயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

1890களின் நடுவில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில் கூட்டம் கூட்டி, கண்ணுக்குத் தெரியாத இந்த அலையைச் சுவருக்கு அப்பால் அனுப்பிக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு மணி அடித்தது. கொஞ்சம் வெடிமருந்து பற்றி எரிந்தது. இந்திய மண்ணில் வானொலி அலை செய்த முதல் வேலைகளில் ஒன்று மருந்தைக் கொளுத்தியது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது. அந்தக் கல்கத்தாவுக்குத்தான் 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனார்கள். மறுவருடம் அவர்கள் திரும்பி வந்து தொடங்கியதிலிருந்துதான் மழை பொய்த்த கரிசல் பூமியில் தீப்பெட்டியும், பிறகு பட்டாசும், லேபிள் ஒட்டப்போய் அச்சகமும் வந்தன.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வானொலித் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க எதுவும் கிடையாது. பார்ப்பதற்கு முன்னால் எழுதிவைப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் கோடத் என்ற ஊரில் 45 மீட்டர் அகலக் கிண்ணங்கள் முப்பது நிற்கின்றன. ஜி.எம்.ஆர்.டி. என்று பெயர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் போட வேண்டும். கிடைப்பது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தில் கிண்ணங்கள் எங்கே திரும்ப வேண்டும், எந்த பேண்டில் கேட்க வேண்டும், எத்தனை சேனலாக அதை நறுக்க வேண்டும், எத்தனை நொடிக்கு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்தின் குவியத்திலும் நான்கு முகம் கொண்ட சுழலும் அமைப்பு ஒன்று தொங்குகிறது. நாம் கேட்ட பேண்டுக்கு உரிய முகம் கீழ்நோக்கித் திரும்பிக்கொள்ளும். மற்ற முகங்களுக்கு அந்த இரவு வானம் கிடையாது.

ஓர் உதாரணம் சொன்னால் இதன் கஷ்டம் புரியும். தூரத்துக் கேலக்ஸி ஒன்றில் ஹைட்ரஜன் வாயு எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் பேசும் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அந்தக் கேலக்ஸி நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் சிவப்புப் பெயர்ச்சி 0.1 என்றால், அந்தக் குரல் நம்மிடம் வரும்போது 1291 மெகாஹெர்ட்ஸுக்குத் தாழ்ந்திருக்கும். முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும். அடுத்தது அகலம். 400 மெகாஹெர்ட்ஸ் அகலமாகத் திறந்துவைத்து 2048 சேனலாக நறுக்கினால், ஒரு சேனலின் அகலம் நொடிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். கேலக்ஸியின் ஒரு பக்கம் நம்மை நோக்கி நொடிக்கு 200 கிலோமீட்டரிலும் மறுபக்கம் விலகி 200 கிலோமீட்டரிலும் சுழல்கிறது என்றால், மொத்தச் சுழற்சியும் ஒன்பது சேனலுக்குள் அடங்கிவிடும். ஒன்பது புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு முகத்தை வரைவது மாதிரி. 100 மெகாஹெர்ட்ஸாகச் சுருக்கினால் ஒரு சேனல் 11 கிலோமீட்டருக்கு வந்துவிடும், முப்பத்தைந்து புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த 100க்கு வெளியே இன்னொரு கேலக்ஸி இருந்தால், அதன் குரல் அந்த இரவில் என் காதில் விழாது. துடிப்பு விண்மீன்களான பல்சர்களுக்கு இன்னொரு கணக்கு. அங்கே நொடியின் மிகச் சிறு பங்குக்கு ஒருமுறை பதிய வேண்டும். எல்லாவற்றையும் நுணுக்கமாக வேண்டும் என்று கேட்டால் வட்டு நிரம்பிவிடும், கணினி திணறும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பகலிலேயே தெரிந்து, பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இந்த வேலையில் என்னைக் கட்டிப்போட்டது அதுதான்.

டிலே, அதாவது தாமதம், என்ற சொல்லை முதன்முதலில் புரிந்துகொண்டது வகுப்பில் அல்ல, அத்தையின் மடியில் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனாலும் சொல்கிறேன். மின்சாரம் போன ஒரு தீபாவளி இரவில் சரவெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டு அத்தை சொன்னார்: "ராசாத்தி, காதைப் பொத்தாம கேளு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு கேளு. அம்புட்டும் திரியோட வேலைதான்." எல்லா வெடியும் ஒரே நொடியில் வெடித்தால் அதன் பெயர் சரமல்ல, குண்டு. பேன்சி ரகத்தில் ஒரு பூ மலர்ந்து அடங்கும்போது அடுத்தது மேலே ஏறுகிறதென்றால், ஒரு குழலையும் அடுத்த குழலையும் இணைக்கும் திரிக்குள் அந்த இடைவேளையை யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். திரியின் நீளம்தான் நேரம். அளந்தவர் அந்தப் பூவைப் பார்ப்பதில்லை. அது டில்லியிலோ பாட்னாவிலோ யார் வீட்டு மொட்டைமாடியிலோ மலர்கிறது.

வானொலியில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கட்டி 1970இல் இயங்கத் தொடங்கியது அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தொட்டியை நீளவாக்கில் பிளந்து மலைச்சரிவில் சாய்த்து வைத்த தோற்றம். இருபத்துநான்கு சட்டங்கள், அவற்றின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பிகளே கண்ணுக்குத் தெரியாது, வெறும் சட்டங்கள் நிற்பதுபோல் இருக்கும். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாயும் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே ஓர் அச்சில் மெல்லச் சுழன்றாலே போதும், ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்துகொண்டே போகலாம். பெரிய தொலைநோக்கி வாங்க நாட்டில் காசில்லாத காலத்தில், செட்டிங்கில் பாதியை மலையிடம் ஒப்படைத்தார்கள். எனக்குத் தெரிந்த பொறியியல் முடிவுகளில் இதைவிட அழகானது கிடையாது.

கிழக்கு மேற்காகச் சுழல்கிறது, சரி. வடக்கே தெற்கே எப்படித் திரும்பும்? அரைக் கிலோமீட்டர் இரும்பு அந்தப் பக்கம் அசையாது. குவியக் கோட்டில் டைபோல் எனப்படும் சிறு ஆன்டெனாக்கள் 1056 வரிசையாக இருக்கின்றன. தெற்கிலிருந்து அலை வருகிறது என்றால் தெற்குக் கோடி டைபோலுக்கு அது முதலில் வந்து சேரும், வடக்குக் கோடிக்குக் கடைசியில். முதலில் வந்ததைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, கடைசியில் வந்ததோடு சேர்த்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததுபோல் கூடும். வேறு திசையிலிருந்து வந்தவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். எவ்வளவு நிறுத்திவைப்பது என்பதை மாற்றினால் பார்க்கும் திசை மாறும். இரும்பு நின்ற இடத்திலேயே நிற்க, பார்வை மட்டும் வானத்தில் நகரும். திரி நேரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. இங்கே பிரிந்து வந்த நேரத்தைச் சேர்த்து எடுக்கிறோம். கோடத்தில் கிண்ணங்கள் 25 கிலோமீட்டர் வரை பரவி நிற்பதால், ஒரே அலைமுகப்பு ஒரு கிண்ணத்துக்கும் இன்னொன்றுக்கும் வர நொடியின் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு வரை வித்தியாசம் இருக்கலாம். அதை நானோநொடிக்கும் கீழே துல்லியமாகச் சரிசெய்ய வேண்டும். ஒரு நானோநொடியில் ஒளி போவது ஓர் அடி தூரம்.

சரிசெய்ததைச் சரிபார்க்க வானத்திலேயே ஆள் வேண்டும். கேலிப்ரேட்டர் என்கிறோம். 3சி 48, 3சி 147, 3சி 286 என்று பெயர்கள். 1959இல் கேம்பிரிட்ஜில் போட்ட மூன்றாவது பட்டியலின் வரிசை எண்கள் அவை. அவற்றின் பிரகாசம் நன்றாகத் தெரியும், இருக்கும் இடமும் தெரியும். இரவைத் தொடங்கும்போது அவற்றில் ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். நடுவில் அரை மணிக்கொருமுறை, நம் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கேலிப்ரேட்டர் ஒன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும். கிடைத்ததே சொற்ப நேரம், அதில் தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன்.

என் அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். நாட்காட்டிகளுக்கான சாமி படங்கள் அவர் கையில் ஓடின. நான்கு நிறம், நான்கு தகடு. தாளின் ஓரத்தில் கூட்டல் குறி போல ரெஜிஸ்டர் மார்க் இருக்கும். நான்கு நிறத்தின் கூட்டல் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் படம் சரி. அரை மில்லிமீட்டர் தள்ளினால் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு இறங்கிவிடும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் முதல் சில நூறு தாள் வேஸ்ட்டுக்குத்தான் போகும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் விட்டு விட்டு ஒரு தாளை உருவி, மேஜை விளக்கடியில் லென்ஸை வைத்துக் குனிந்து பார்ப்பார். பகலில் வெயில் ஏற ஏறத் தாள் காய்ந்து சுருங்கும், ரெஜிஸ்டர் நகரும். இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கு மாற மாற, எங்கள் ஆன்டெனாக்களுக்கு வரும் அலையின் கட்டமும் (ஃபேஸ்) அப்படித்தான் நகர்கிறது. உருவிப் பார்க்காமல் ஓட்டினால் விடியும்போது பண்டல் பண்டலாக வீணாகிக் கிடக்கும்.

நான் ஒருமுறை அப்படி ஓட்டினேன். ஆய்வு மாணவியாக இருந்தபோது, முதன்முதலாக என் பெயரில் கிடைத்த நேரம். 1400 மெகாஹெர்ட்ஸ் பக்கம். மூலத்தின் இடத்தை ஒரு பழைய பட்டியலிலிருந்து எடுத்தேன். அது 1950ஆம் ஆண்டின் வானத்துக்கு எழுதிய இடம். கோப்பில் ஆண்டு என்ற இடத்தில் 2000 என்று ஏற்கெனவே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல் மெல்ல வட்டமிடுகிறது. வருடத்துக்கு ஐம்பது விகலைக்குச் சற்று மேல். ஐம்பது வருடத்தில் முழுநிலவின் அகலத்தைத் தாண்டிவிடும். அந்த அதிர்வெண்ணில் 45 மீட்டர் கிண்ணத்தின் பார்வையோ நிலவின் அகலத்தைவிடக் குறைவு. ஆறு மணி நேரம் அத்தனை கிண்ணங்களும் ஒழுங்காக, துல்லியமாக, பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு வாரம் தரவைப் புரட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

வெட்கத்தைவிட எனக்கு வலித்தது வேறொன்று. சிவகாசியில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் போயிருக்கக் கூடாது. இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20ஐ ஒட்டி வருகிறது. சூரியன் மேஷத்தில் நுழைவதாக நாம் கொண்டாடும் சித்திரை ஒன்று ஏப்ரல் 14. நடுவில் விழுந்திருக்கும் அந்த இருபத்துச் சொச்சம் நாள்தான் அயனாம்சம். இப்போது ஏறத்தாழ 24 பாகை. பூமியின் அச்சு பதினேழு நூற்றாண்டுகளாக நகர்ந்ததன் கணக்கு அது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்ற சண்டையெல்லாம் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட நாட்காட்டியின் மாதிரி ஆல்பத்தை எங்கள் ஊரில் பூஜை போட்டு வெளியிடுவார்கள். வரப்போகும் வருடத்தின் ராகு காலமும் நல்ல நேரமும் மை காயாமல் முற்றத்தில் அடுக்கிக் கிடந்த ஊர். அங்கே வளர்ந்த நான், வானம் நகரும் என்பதை ஒரு கட்டத்தில் நிரப்ப மறந்துவிட்டேன்.

என் தவறு ஓர் இரவை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. இதை எழுதும்போது அத்தை வேலைக்குப் போன அறைகள் கண்ணில் வருகின்றன. ஓர் அறையில் நான்கு பேர்தான். இரும்புக் கருவி ஆகாது. கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும், ராத்திரிக்கு வைக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இன்ன தூரம். இவையும் செட்டிங்தான், ஒவ்வொன்றும் யாரோ செத்த பிறகு எழுதிய வரி. தீபாவளி நெருங்க நெருங்க, ஆர்டர் குவியக் குவிய, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். அறை போதாமல் மரத்தடிக்கு வேலை வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். அதன் பிறகும் எங்கள் மாவட்டத்தில் இந்தச் செய்தி வராத வருடம் இல்லை. விதியைத் தெரியாதவர்கள் இல்லை அங்கே. நிதானமாகச் செய்வதற்கு அவர்களுக்குக் கூலி தரப்படுவதில்லை, எண்ணிக்கைக்குத்தான் கூலி. எனக்கு ஆறு மணி நேரம் வீணானபோது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டி தோளைத் தட்டினார். அந்த அடுத்த முறை அத்தைக்குப் பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே கட்டுரையில் வைக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று பலமுறை யோசித்தேன். அத்தை இருந்த வீட்டுச் சோற்றில் படித்தவள் என்பதால் வைக்கிறேன்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. அவதானிப்பு ஒன்று முடிந்த கையோடு போனதால், ஆன்டெனாக்களின் கட்டத்தை நேரத்துக்கு எதிராக வரைந்த தாள் பையில் இருந்தது. முப்பது வரிசை, வரிசைக்கு ஒரு புள்ளிக்கோடு. திண்ணையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. உள்ளே போய் அச்சகத்து லென்ஸை எடுத்துவந்து, தாளின்மேல் வைத்துக் குனிந்தார். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாக, லென்ஸை நகர்த்திக்கொண்டே போனார். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு விரலை ஓர் இடத்தில் ஊன்றினார்.

"பாப்பா, மத்ததெல்லாம் ஒக்காந்திருக்கு. இது மட்டும் நடுவுல ஒரு தடவ தள்ளிட்டு, திரும்ப வந்து சேந்திருக்கே. பாத்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. கீழிருந்து நான்காவது வரிசை. அதிகாலை இரண்டே கால் மணி வாக்கில், நான்கைந்து புள்ளி. மடிக்கணினியை எடுத்து அந்த நேரத்துத் தரவைத் திறந்தேன். அப்பா லென்ஸைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே, தெருவில் போன ஆல்பம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.